அக்காவின் பிடியரிசி

என் அக்காவின் கல்லறைக் கல்லில் 'அன்பு மனைவி, அன்புச் சகோதரி' என்று மட்டும்தான் வெட்டியிருக்கிறது. அதற்குக் கீழே 'நெடுநாள் நோயைப் பொறுமையோடு சகித்தவள்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி உறவுக்காரர்கள் அத்தானை அரித்தெடுத்தார்கள். கல் கொத்துகிறவர் அதற்கு இடம்கூட விட்டு வைத்திருந்தார். வேண்டவே வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அத்தானும் அதையே சொன்னார். கல்லில் பொய்யை வெட்டக்கூடாது. அக்கா பொறுமைசாலி இல்லை. இருமலைத் திட்டுவாள், ஆடாதோடைக் கஷாயத்தைத் திட்டுவாள், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற என்னையும் சேர்த்துத் திட்டுவாள். நோய் அவளைப் படுத்தியது. அவளும் நோயைச் சும்மா விடவில்லை. கல்லில் அந்த இடம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

எங்களுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். என்னைப் படிக்க வைத்து, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி ஆக்கியது அக்காதான். அவள் கணவர், என் அத்தான், மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அதிர்ந்து பேசமாட்டார். அந்த வீட்டில் அதிர்ந்து பேசுகிற வேலையை அக்காவே முழுவதும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் சாயங்காலக் காய்ச்சல், பிறகு இருமல், பிறகு ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தம். எலும்புருக்கி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோழையைச் சாம்பல் போட்ட சட்டியில் துப்பி அன்றன்றைக்கு எரிக்க வேண்டும், அவள் புழங்குகிற பாத்திரத்தைக் கொதிநீரில் போட வேண்டும், நல்ல காற்றுள்ள இடத்தில் இருக்க வேண்டும் என்றார். இதைச் செய்தால் மற்றவர்கள் பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். நான் அதைக் கேட்டு வாங்கி மனதில் வைத்துக்கொண்டேன், பின்னால் ஊரோடு சண்டை போடுவதற்கு உதவும் என்று அப்போதே தோன்றியது.

அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. பாபநாசம் போகிற பாதையில், ஆற்றங்கரையில் இருந்த ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அத்தான் மாற்றல் கேட்டு வாங்கினார். பொதிகை மலைக் காற்று அங்கே நேராக வீசும். கோடை விடுமுறை ஆனதால் நானும் கூடவே கிளம்பினேன். ரயிலில் அக்கா ஒரு தடவை இருமியதும் எதிரே இருந்த குடும்பம் மூட்டை முடிச்சோடு எழுந்து தள்ளிப் போய்விட்டது. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அக்கா காலியான பலகையில் காலை நீட்டி வைத்தாள்.

"பாத்தியாட்டி, எடம் கெடச்சிட்டு," என்றாள்.

அந்த ஊரில் கிறிஸ்தவ வீடுகள் சொற்பம். ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கோயில், அதைக் கவனிக்க ஓர் உபதேசியார். குருவானவர் எப்போதாவதுதான் வண்டி கட்டிக்கொண்டு வருவார். நம் பக்கத்துச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது, களைவதற்கு முன்னால் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கு என்று தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். எவ்வளவு இல்லாத வீடானாலும் அந்த ஒரு பிடி விழும். சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியாரின் சம்சாரம் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வந்து அதை வாங்கிப் போவார். அந்த ஊரில் அந்த அரிசிதான் உபதேசியார் குடும்பத்தின் பிழைப்பு. அவர்களுக்கு வீடு நிறையக் குழந்தைகள்.

அக்கா சின்ன வயதிலிருந்தே பிடியரிசி போட்டவள். அம்மா இல்லாத வீட்டில் அடுப்பு மூட்டக் கற்றுக்கொண்ட நாளிலேயே அந்தப் பழக்கமும் வந்துவிட்டது. புது ஊருக்குப் போய்ச் சாமான் இறக்கிய கையோடு அவள் கேட்டது ஒரு மண்கலயம். முதல் சனிக்கிழமை கலயத்தை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். உபதேசியார் சம்சாரம் தெருவில் வந்தார். பக்கத்து வீட்டில் வாங்கினார். எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார். அக்கா கூப்பிட்டாள். அவர் திரும்பி, பெட்டியை இடுப்பில் மறுபக்கம் மாற்றிக்கொண்டார்.

"இருக்கட்டும் வாத்தியாரம்மா. மொதல்ல ஒடம்பு சொகமாவட்டும். பொறவு வாங்கிக்கிடுதேன்," என்றார்.

"இருமுதது நாந்தான். அரிசி இருமாது," என்றாள் அக்கா.

அவர் பெட்டியோடு அடுத்த வீட்டுப் படி ஏறிவிட்டார். அக்கா கலயத்தோடு அங்கேயே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. ரத்தம் வந்தபோது அழாதவள், ரயிலில் அழாதவள், அன்றைக்கு அழுதாள். சபையில் அவள் பெயரை யாரும் அடிக்கவில்லை. ஆனால் பிடியரிசி வாங்காத வீடு சபைக்கு வெளியே இருக்கிற வீடுதான். அவளுக்கு அது தெரியும். உயிரோடு இருக்கும்போதே தன்னைக் கழித்துவிட்டார்கள் என்பதுதான் அவளைச் சுட்டது.

அத்தான் உபதேசியாரிடம் போய்ப் பேசினார். டாக்டர் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னார். உபதேசியார் நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், அடுத்த சனிக்கிழமையும் பெட்டி எங்கள் வீட்டைத் தாண்டிப் போயிற்று. அத்தான் மறுபடியும் போகக் கிளம்பியபோது அக்கா தடுத்துவிட்டாள்.

"எனக்காவ யாருகிட்டயும் போயி நிக்காதிய. அவ வாங்காம இருக்கட்டும். நான் போடாம இருக்க மாட்டேன்," என்றாள்.

அப்படியே போட்டாள். ஒரு கலயம் நிறைந்ததும் இன்னொரு கலயம் வந்தது. வண்டு விழாமல் இருக்க வேப்பிலைச் சருகும் வசம்பும் போட்டு வைத்தாள். வெயில் நாட்களில் வாசலிலேயே பாய் விரித்து, தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி அந்த அரிசியைக் காயப்போட்டாள். பின்கட்டில் எவ்வளவோ இடம் இருந்தது. ஏன் வாசலில் போடுகிறாய் என்று கேட்டேன். வாசலில்தான் வெயில் நல்ல வெயில் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில், நடக்க முடிந்தவரை, கோயிலுக்குப் போனாள். அவள் உட்கார்ந்ததும் பெண்கள் பக்கத்தில் பாய்கள் பைய நகரும். அக்கா அதையெல்லாம் பார்க்காதவள் போல இருந்து, பாட்டு ஆரம்பித்ததும் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவாள். அவளுக்கு ராகம் ஒருநாளும் வந்ததில்லை. மூச்சு முட்டி இருமல் வரும். முந்தானையை வாயில் வைத்து இருமி முடித்துவிட்டு, விட்ட அடியிலிருந்து மறுபடி பிடிப்பாள். அதற்குள் சபை அடுத்த பாட்டுக்குப் போயிருக்கும்.

மறு வருஷம் சாரல் காலத்தில் அவள் படுத்துவிட்டாள். விடுமுறை முடிந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பியிருந்த நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்து சேர்ந்தேன். அதற்கு முன்பே அடுப்படி அத்தான் கைக்கு வந்திருந்தது. ஆம்பளை சோறு பொங்குகிறார் என்று ஊர் சிரித்ததாம். அவர் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தால் நல்ல மணமாக இருக்கும். சிரித்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அக்காவின் நார்க்கட்டிலைப் பின்கட்டில் மரத்தடியில், மலை தெரிகிற மாதிரி போட்டிருந்தோம். உலை வைக்கும் நேரத்தில் சுளவு என்கிற முறத்தில் அரிசியை எடுத்து நான் கட்டிலுக்குக் கொண்டுபோவேன். அவள் ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்ட பிறகுதான் அரிசி அடுப்படிக்குத் திரும்பும்.

ஒரு நாள் அள்ளிய கையை விரித்து, அதிலிருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் குச்சி குச்சியாகப் போயிருந்தன. உள்ளங்கையில் அரிசி கொஞ்சம்தான் நின்றது. அதைக் கலயத்தில் போட்டுவிட்டு இன்னொரு பிடி அள்ளினாள்.

"என் பிடி சின்னதாப் போச்சுட்டி. அளவு கொறச்சுட்டான்னு நாளைக்கு எவளும் சொல்லிரப்புடாது. இனி ரெண்டு சேந்தாத்தான் எனக்கு ஒரு பிடி," என்றாள்.

நான் சுளவைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்து அழுதேன். அத்தான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அடுப்புப் புகையில் இரண்டு பேருக்கும் கண் கலங்க வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லா நாளும் இரண்டு பிடிதான். கடைசி வாரத்தில் அவள் கையை நான் பிடித்து அள்ள வைக்க வேண்டியிருந்தது. அப்போதும் இரண்டு. ஒரு மத்தியானம் என்னைக் கிட்டே கூப்பிட்டு, அரிசியை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்தாள். வாங்கினால் கோயிலுக்கு. வாங்காவிட்டால் பொங்கி, வருகிறவர்களுக்குப் போட வேண்டும். குழியில் மட்டும் கொட்டக்கூடாது.

தை பிறந்த பிறகு, ஒரு காலையில், அத்தான் அவளை நிமிர்த்திச் சாய்த்துப் பிடித்திருந்தபோது மூச்சு நின்றது. அவள் போனதை என்னால் அழகாக எழுத முடியாது. எனக்கு அவள் தாய். அவ்வளவுதான்.

அடக்கத்துக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வந்த பெரியப்பா காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டார். பாயையும் தலையணையையும் எரிக்கச் சொன்னார். டாக்டர் சொன்னதும் அதுதான் என்பதால் எரித்தோம். பிறகு அரிசிக் கலயங்களைப் பார்த்தார். நோயாளி தொட்ட அரிசி, குழி வெட்டிக் கொட்டிவிட வேண்டும் என்றார். நான் கலயங்களுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் சொல்லைத் தட்டுகிறாள், படிக்க வைத்ததால் வந்த திமிர் என்றார். படிக்க வைத்தவளே இதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னேன்.

சில நாள் கழித்து வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு. கலயங்களைத் திறந்து, அரிசியைப் புடைத்துக் களைந்து, பெரிய பானையில் நானே பொங்கினேன். ஒளித்துப் போட எனக்கும் மனமில்லை, அத்தானுக்கும் மனமில்லை. உபதேசியார் ஜெபத்தை முடித்ததும் அத்தான் எழுந்து நின்றார். அவர் அத்தனை பேர் முன்னால் குரலை உயர்த்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"இன்னைக்குப் பொங்கியிருக்கது என் வீட்டுக்காரி எடுத்து வச்ச பிடியரிசி. கோயிலு வாங்கல. அதான் வீட்டுல பொங்கியாச்சு. இஷ்டம் உள்ளவங்க உக்காருங்க. இல்லாதவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்றார்.

அத்தானுக்கு வருத்தம் இல்லை. எனக்கு இருந்தது. அதனால் யார் யார் போகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே வாசலில் போய் நின்றுகொண்டேன். ஒருவருக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது. ஒருவருக்குக் காலையிலிருந்தே வயிறு சரியில்லை. பெரியப்பாவுக்கு ரயில் ஞாபகம் வந்துவிட்டது. அது மறுநாள் காலை ரயில். என்னைத் தாண்டிப் போன ஒவ்வொருவரையும் நான் முகத்துக்கு நேரே பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

நான் உள்ளே திரும்பியபோது விரித்த இலைகளுக்கு முன்னால் அத்தான் மட்டும் உட்கார்ந்திருந்தார். உபதேசியார் வேதப் புத்தகத்தைக் கையில் வைத்தபடி எழுந்திருக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார். அவர் சம்சாரம் சுவர் ஓரமாக நின்றிருந்தார். திடீரென்று வந்து ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, செம்பிலிருந்த தண்ணீரைத் தெளித்து இலையைத் துடைத்தார். அவர் உட்கார்ந்ததும் உபதேசியாரும் புத்தகத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எம்பிள்ளையளுக்குத்தான் பயந்தேன். எங்கம்மையும் இதுலதான் போனா," என்றார் அவர் சம்சாரம், இலையைப் பார்த்தபடியே.

நான் பரவாயில்லை என்று சொல்லவில்லை. என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. அம்மாவைப் பறிகொடுத்தவளுக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிற்கத் தோன்றவில்லையே என்றுதான் இருந்தது. சோற்றைப் போட்டேன். சொதியை ஊற்றினேன். அவர் ஒரு பருக்கை மீதம் வைக்காமல் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். இரண்டாம் முறை போடும்போது என் கை கொஞ்சம் தாராளமாகவே போட்டது.

அத்தானுக்கு மறு கல்யாணம் பேச ஆட்கள் வந்தபோது என்னையும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மனைவியின் தங்கையைக் கட்ட எங்கள் சபைச் சட்டத்தில் இடமில்லை. இருந்திருந்தாலும் வந்தவர்கள் வெறுங்கையோடுதான் போயிருப்பார்கள். அவர் கடைசிவரை வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் பாளையங்கோட்டைக்குத் திரும்பத் துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் வாசலில் நிழலாடியது. உபதேசியார் சம்சாரம் ஓலைப்பெட்டியோடு நின்றிருந்தார்.

கலயம் காலியாக இருந்தது. பானையிலிருந்து அரிசியைச் சுளவில் எடுத்துப்போய், ஒரு பிடி அள்ளிப் பெட்டியில் போட்டேன். அவர் பெட்டியை எடுக்கப் போனார். நான் இன்னொரு பிடி அள்ளினேன்.

"ஒரு பிடி போதுமே அம்மா," என்றார்.

"பிடிங்க. எங்க அக்காவுக்கு இதுதான் ஒரு பிடி."