விடைக்கு முன்னால் ஒரு ‘ரூ.’

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை மிக்சி ஜாடியின் பிளேடைக் கழற்றியது. ஜாடிக்கு அடியில் கசிவு. அவள் அடிப்பக்கத்தை இடுக்கியால் பிடித்துக்கொண்டாள். நான் துணியைச் சுற்றி பிளேடைத் திருகினேன்.

“இந்தப் பக்கம் இல்லடி, அந்தப் பக்கம்.”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சவ கையில அரை மணி நேரமா வரல.”

அவள் சொன்ன பக்கம்தான் சரி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாஷரை மாற்றி மூடினோம். ஒன்பதாம் நாள், 2008 மார்ச்சில், அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் மாரடைப்பு. அவளுக்கு வயது ஐம்பத்தைந்து.

சாவுக்கு வந்தவர்கள் சரசு தங்கமானவள், யார் மனதையும் நோகடிக்காதவள் என்றார்கள். பொய். அம்மா சண்டைக்காரி. மர்பி டவுனில் எங்கள் சந்துக் குழாயில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும். யாருக்கு எத்தனை குடம் என்பதை அவள்தான் தீர்மானிப்பாள். யாரும் அவளை நியமிக்கவில்லை. எதிர்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள். கன்னடத்தைக் கடைத்தெருவில் கற்றாள். அப்பா எத்திராஜ் அரசு அலுவலகம் ஒன்றில் ஜீப் டிரைவர். 1992இல் அவர் இறந்ததும், அதே அலுவலகத்தில் அவளுக்குக் கடைநிலை வேலை கொடுத்தார்கள். பெருக்குவது, ஃபைல் தூக்குவது, காபி கொடுப்பது.

அங்கே சூப்பிரண்டெண்ட் சேஷகிரி. மல்லேஸ்வரத்துக்காரர். அம்மாவிடம் எப்போதும் கன்னடம். ஒருநாள் அவர் வீட்டிலிருந்து வந்த ஃபோனை அம்மா எடுத்தாள். அவர் மனைவி பாகீரதி சுத்தமான தமிழில், “அவர் மாத்திரையை மறந்துட்டுப் போயிட்டார், சொல்லிடும்மா” என்றாராம். அம்மா போய்த் தமிழிலேயே சொன்னாள். சேஷகிரி ஃபைலிலிருந்து தலையை எடுக்காமல், “நனகெ தமிழு பரல்ல” என்றார். எனக்குத் தமிழ் வராது என்று அர்த்தம்.

“மாத்திரை தமிழ்லதான வந்துச்சு, அத்த மட்டும் முழுங்குவியா?” என்று அம்மா கேட்டாள். வாய்க்குள் கேட்டாளா, வெளியே கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து காபி சரியில்லை, தரை சரியில்லை, அவள் நின்ற நிலை சரியில்லை.

1996 நடுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இடம் காலி. கடைநிலை ஊழியர்களில் யார் அடுத்த ஜூனுக்குள் கன்னட வழியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறுகிறாரோ அவருக்கு அந்த இடம். தகுதியானவர்கள் இரண்டே பேர், அம்மாவும் முனிராஜும்.

“ஒரு மேசை, ஒரு சேரு. அந்தாளுக்குக் காப்பிய முனிராஜ் குடுக்கட்டும்” என்றாள். அவள் கேட்டது அது மட்டும்தான்.

முதல் தடவையே கணக்கு தவிர எல்லாம் தேறினாள். கணக்கில் பத்தொன்பது. முனிராஜுக்கும் கணக்கு போயிற்று. அடுத்த தேர்வு ஏப்ரலில். அதுதான் கடைசி வாய்ப்பு.

நான் அப்போது எலக்ட்ரிகல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. பதினெட்டு வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும்; சமன்பாடுகளைப் பிடித்தால் போதும் என்று கணக்குப் போட்டு, 3x + 5 = 17 என்று எழுதிக் காட்டினேன்.

“அஞ்சு அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆகும்.”

“ஏன்?”

“பக்கம் மாறினா குறி மாறும்.”

“அதான் ஏன்னு கேக்குறேன். தெருவத் தாண்டுனா ஆம்பள பொம்பள ஆயிடுவானா?”

“ரூல்மா. மனப்பாடம் பண்ணு.”

அவள் மனப்பாடம் செய்யவில்லை. ஒரு வாரம் நோட்டைத் தொடவில்லை. நான் சோம்பேறி என்று திட்டினேன். எட்டாம் நாள் சாயங்காலம் குழாயடியிலிருந்து ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தாள். 3x + 5 = 17. சமக்குறிக்கு இரண்டு பக்கமும் மைனஸ் ஐந்து எழுதினாள். 3x = 12. இரண்டு பக்கமும் மூன்றால் வகுத்தாள். நான்கு.

“யார் சொல்லிக் குடுத்தது?”

“குழாதான். ரெண்டு பேரு சமமா நிக்கிறாளுங்க. ஒருத்திகிட்ட அஞ்சு கொடம் புடுங்குனா இன்னொருத்திகிட்டயும் அஞ்சு புடுங்கணும். இல்லாட்டி அங்க கொல வுழும். எதுவும் எந்தப் பக்கமும் போவலடி. குறியும் மாறல. உங்க வாத்தியாரு உன்ன ஏமாத்திட்டான்.”

அவள் சொன்னது முழுக்கச் சரி. நான் ஏழு வருடம் குறியைப் பக்கம் மாற்றிக்கொண்டிருந்தேன், ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். “சரி, அடுத்தது போடு” என்றேன்.

மறுநாள் குழாயடியில் இருபது பேர் வரிசையில் நிற்க, சத்தமாகச் சொன்னாள்: “எம் பொண்ணு டிப்ளமோ படிக்கிறா. ஏன்னு கேட்டா ரூலுன்றா. இத்தப் படிக்கவா நான் பீஸு கட்டுறேன்?” பக்கத்து வீட்டு முத்தம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் பக்கெட்டோடு வரிசையில் நின்றிருந்தேன்.

அன்றோடு சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினேன். அவள் கெஞ்சவில்லை. அல்சூரில் கிருஷ்ணப்பா என்பவர் நடத்திய மாலை டியூஷனில் சேர்ந்தாள். ஒரு ஹாலில் அறுபது பேர். அவர் கன்னடத்தில் கத்துவார், இவர்கள் எழுதுவார்கள். யார் நோட்டையும் அவர் பார்ப்பதில்லை.

தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் அம்மா நோட்டை என்மேல் போட்டாள்.

“பாரு. வெட சரியா?”

மூன்று மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. பிரித்தேன். இருபது கணக்கு, கோணல்மாணலான கன்னட எழுத்து. ஒவ்வொன்றிலும் சமக்குறிக்கு இரண்டு பக்கமும் அவளுடைய குழாயடி முறை. ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் x = ரூ. 4, x = ரூ. 9, x = ரூ. 2.

உடனே புரிந்துவிட்டது. கன்னடக் கேள்வித்தாளில் ‘x ன பெலெ கண்டுஹிடியிரி’ என்று இருக்கும். x-இன் மதிப்பைக் கண்டுபிடி. ஆனால் பெலெ என்றால் விலை என்றும் அர்த்தம். கன்னடத்தைக் காய்கறிக் கடையில் கற்றவளுக்கு அந்த ஒரு அர்த்தம்தான் தெரியும். கத்தரிக்காய் பெலெ என்ன, x பெலெ என்ன, இரண்டும் அவளுக்கு ஒரே கேள்வி. எக்ஸை ஏன் விற்கிறார்கள் என்று கேட்காமல் விட்டது மட்டும்தான் எனக்கு ஆச்சரியம்.

“விடை சரி” என்றேன்.

“எல்லாமா?”

“எல்லாம்.”

நோட்டை மூடிக் கொடுத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. குழாயடியில் முத்தம்மா சிரித்த அதே சிரிப்பு. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவனும் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். ஃபெயில் ஆவாள் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

முப்பத்து மூன்று. முனிராஜ் முப்பத்தாறு.

கிருஷ்ணப்பாவுக்கு நம்ப முடியவில்லை. கேள்வித்தாளைக் கொடுத்து, எழுதியதை அப்படியே திரும்ப எழுதச் சொன்னார். நான்கு சமன்பாடு, நான்கும் சரி, நான்கிலும் ‘ரூ.’. ஒவ்வொன்றுக்கும் அரை மார்க் வெட்டியிருப்பான் என்றார். இரண்டு மார்க்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

“நீ பாத்த இல்ல?”

“பாத்தேன்.”

“சொல்லல.”

“விடை சரியான்னுதான் கேட்ட. விடை சரிதான்.”

அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை.

“பெலென்னா வெலதான?”

“இங்க வெல இல்ல. மதிப்பு.”

“மதிப்பா?” செருப்பைக் கழற்றினாள். “இந்த வூட்ல எனக்கே கெடையாது. எக்ஸுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?”

அந்த வருடம் என்னோடு அவள் பேசிய கடைசி முழு வாக்கியம் அது. பிறகு ஒற்றைச் சொற்கள்தான். சோறு. சாவி. லைட்டு.

ஜூலையில் முனிராஜ் மேசைக்குப் போனான். மறுநாளிலிருந்து அம்மா அவனுக்கும் காபி கொடுத்தாள். அவன் கெட்டவன் இல்லை. முதல் வாரம் எழுந்து நின்று வாங்கினானாம். இரண்டாவது வாரம் உட்கார்ந்தபடி வாங்கினான். சேஷகிரி அவள் காதுபட, “ஏனு சரசம்மா, லெக்கா பாஸாய்த்தா?” என்று கேட்பார். என்ன, கணக்கில் பாஸா? 1999இல் அவர் ஓய்வுபெறும்வரை கேட்டார்.

அக்டோபரில் அம்மா மறுபடி எழுதினாள். பதவி ஏதும் இல்லை, யாரும் கேட்கவில்லை. காலையில் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போய் எழுதிவிட்டு வந்தாள். நாற்பத்தாறு. பள்ளிப் பலகையில் பார்த்துவிட்டு வந்து, “ஆச்சு” என்றாள். அவ்வளவுதான். அடுத்த குமாஸ்தா இடம் அவள் இருந்தவரை காலி ஆகவே இல்லை.

நான் வேலைக்குப் போனேன். மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகை வடிவமைக்கிறேன். வேலையில் ஏதாவது ஒரு சமன்பாட்டைப் பிரிக்கும்போது, குறியைப் பக்கம் மாற்றுவதில்லை. இரண்டு பக்கமும் கழிக்கிறேன். அவளிடம் இதைச் சொன்னதில்லை.

மன்னிப்பும் கேட்டதில்லை. 2001இல் ஒருமுறை, கேட்பதற்குப் பதிலாக, வேறொன்றைக் கேட்டேன். தேறினவர்களுக்கு அசல் மதிப்பெண் பட்டியலைப் பள்ளியில் கொடுப்பார்கள். நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். தேர்வு எழுதிய பள்ளி ஜீவனஹள்ளியில், இரண்டு பஸ் தூரம்.

“மார்க்ஸ் கார்டு வாங்கினியா?”

“இல்ல.”

“நாலு வருஷம் ஆச்சு. நானும் வரேன், ஒரு நாள் போய் வாங்கிட்டு வரலாம்.”

“எதுக்கு? முனிராஜுக்குக் காப்பி குடுக்க மார்க்ஸ் கார்டு வேணுமா?”



போன வாரம் குடும்ப ஓய்வூதியக் காகிதங்களுக்காக அவளுடைய இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்கு அடியில் அந்தப் பள்ளியிலிருந்து வந்த தபால் கார்டு இருந்தது. 1998 ஜனவரி தேதி. அசல் பட்டியலைப் பெற்றுக்கொள்ளவும் என்று கன்னடத்தில் அச்சடித்திருந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்து, தமிழில்: சனிக்கெழம போவணும். அதைக் கோடு போட்டு அடித்து, கீழே, அடுத்த சனி. அதையும் அடித்து, பாப்பா லீவுல.

வீட்டில் பாப்பா என்றால் நான். அந்த ஜனவரியில் எனக்குப் பத்து நாள் லீவு இருந்தது. அவள் கேட்கவில்லை. பட்டியல் இன்னும் ஜீவனஹள்ளியில் இருக்கிறது.