இறக்கத்தில் பேசுகிறவர்

தேனி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த அய்யாத்துரை, 2008-ஆம் வருடக் கடைசியில் ஒரு ஜப்பான் கார் வாங்கினார். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, கூடவே பேட்டரி மோட்டாரும் உண்டு. ஹைபிரிட் என்று பெயர். ஹைபிரிட் என்றால் எங்கள் பக்கத்துச் சனங்களுக்குத் தக்காளி விதை தெரியும், சோள விதை தெரியும். காரில் என்னத்தை ஹைபிரிட்? கடை வாசலில் நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்த பெரியகுளத்து மாந்தோப்புக்காரர் ஒருவர், "வேற ஒண்ணுமில்லப்பா, பெட்ரோலு மேல கரண்ட்ட ஒட்டுக்கட்டிருக்கான்" என்று விளக்கம் சொன்னார். அன்றோடு அது பஜாருக்கு ஒட்டுவண்டி ஆகிவிட்டது.

மனைவி ஜெபமணி இறந்து வருடம் திரும்பவில்லை, அதற்குள் மனுசனுக்குப் புது வண்டி கேட்கிறதா என்று நாலு பேர் பேசத்தான் செய்தார்கள். அய்யாத்துரை கையில் இருந்த டீசல் காரை விற்றார், புது வண்டிச் சாவியை டிரைவர் ஒச்சாண்டியிடம் கொடுத்தார், பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

ஒச்சாண்டி ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஆள். ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆளேற்றிப் போய்த் தொழில் பழகியவன். பிறகு அய்யாத்துரையின் டீசல் காருக்கு வந்து சேர்ந்தான். காலையில் தேனியில் கிளம்பினால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். அங்கிருந்து மலையேறிக் கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டில் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்கு. சாயங்காலம் அதே மலையை இறங்கி வீடு. ஏலம் இல்லாத நாளில் தோட்டம் பார்க்க, மதுரைக்குச் சரக்குப் பேச என்று சக்கரம் ஓய்ந்ததே இல்லை. "இந்த மனுசனுக்குக் கழுத்த நீட்டுனதுக்கு ஒரு மைல்கல்லுக்கு நீட்டிருக்கலாம். அதாச்சும் ஒரு எடத்துல நிக்கும்" என்று அவன் பெண்டாட்டி அன்னத்தாய் சொல்லிச் சிரிப்பாள்.

புது வண்டி முதல் நாளே அவனைச் சோதித்தது. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் பிரேக்கை மிதித்து நின்றான், இன்ஜின் அணைந்துவிட்டது. வண்டி மக்கர் பண்ணிவிட்டது என்று பதறிச் சாவியைத் திருகினான். பின்னால் வாழைத்தார் லாரிக்காரன் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்துவிட்டான். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. நின்றால் தூங்கும், கிளம்பினால் விழிக்கும். அதுதான் அதன் குணமாம். கிளட்ச் வேறு கிடையாது. பல நாள் வரைக்கும் ஒச்சாண்டியின் இடது கால் கிளட்சைத் தேடித் தேடி ஏமாந்தது.

பழகியபின் அவனுக்கு அந்த வண்டி மேல் கிறுக்கே பிடித்துவிட்டது. முக்கியமாக மலையிறக்கம். கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டினால் மேகம் ரோட்டில் இறங்கிக் கிடக்கும். அதற்குள் நுழைந்து, கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றாகத் திரும்பும்போது, கீழே கம்பத்துப் பள்ளத்தாக்கு கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். திராட்சைப் பந்தல்கள், நாற்றங்கால், தென்னைகளுக்கு நடுவே தெரிந்தும் மறைந்தும் வரும் ஆறு. வண்டி ஓடுகிற உணர்வே இராது. மலைதான் நகர்ந்து மேலே போகிறது, நாம் இருந்த இடத்திலேயே இருக்கிறோம் என்று தோன்றும். "சத்தம்னு ஒண்ணு கெடையவே கெடையாதுடி. மெத்தையில படுத்துக்கிட்டே எறங்குற மாதிரி இருக்கும்" என்று அன்னத்தாயிடம் சொன்னான். "பாத்து, தூங்கிராதீக" என்றாள் அவள்.

அந்த இறக்கத்தில்தான் பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியில் முதலாளியின் உதடு அசைவதைப் பார்ப்பான். அய்யாத்துரை வேதக்காரர், ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டான். மனைவியைப் பறிகொடுத்தவர், பண்ணத்தானே செய்வார். மரியாதைக்குத் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வான்.

அடுத்த மே மாதம் முதலாளியின் மகள் ஜெபஷீலா சென்னையிலிருந்து வந்தாள். முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவள் கேட்டாள்: "அண்ணே, பிரேக் மிதிக்கிறப்பல்லாம் கொசு பாடுற மாதிரி ஒரு சத்தம் வருதே, என்னது?"

ஒச்சாண்டிக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வண்டியில் ஏதோ கோளாறு, தனக்குப் பிடிபடவில்லை என்று பயந்து, மறுநாளே மதுரைக்கு ஓட்டிப்போய் சர்வீஸில் நிறுத்தினான். அங்கிருந்தவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கோளாறெல்லாம் இல்லண்ணே. பிரேக் மிதிக்கிறப்ப மோட்டார் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துது, அந்தச் சத்தம். எல்லா வண்டியிலயும் வரும். இத்தன நாளா ஓட்டுறீங்க, கேட்டதே இல்லையா?" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: "எறக்கத்துல நியூட்ரல்ல போட்டு உருட்டுறீங்களா? அப்படி உருட்டுனா சார்ஜ் ஏறாது. கியர்லயே விட்டு லேசாப் பிரேக்கத் தொட்டுக்கிட்டு எறங்குங்க."

நியூட்ரலில் உருட்டுவது எங்கள் பக்கத்து டிரைவர்களின் ஊறிப்போன பழக்கம். அது போகட்டும். ஒச்சாண்டியின் மனதில் தைத்தது முதலில் கேட்ட கேள்வி. திரும்பும் வழியில் ஆண்டிபட்டிக் கணவாயில் ஓரமாக நிறுத்தினான். இடது காதைக் கையால் பொத்தினான். எதிரே லாரி போனது, சத்தமில்லாமல் போனது. மரத்தில் காகம் வாயைத் திறந்து திறந்து மூடியது.

வலது காது போயே போய்விட்டிருந்தது. இடதும் அரைகுறை. ஜன்னல் பக்கத்துக் காது அல்லவா வலது? ஜீப் இரைச்சலும் காற்றும் பஸ்காரர்களின் ஏர் ஆரனும் வருடக்கணக்காக அதில்தான் அடித்திருந்தன. டீசல் வண்டியில் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள், அதனால் தெரியவில்லை. வீட்டிலோ அன்னத்தாயின் தொண்டை கோயில் ஒலிபெருக்கிக் குழாயைத் தோற்கடிக்கும். ஊரெல்லாம் அவன் மெச்சிக்கொண்டு திரிந்த அந்த அமைதியில் பாதிதான் வண்டியுடையது. மீதி அவன் காதுடையது.

வெளியே தெரிந்தால் ஸ்டியரிங் போய்விடும். ஸ்டியரிங் இல்லாத ஒச்சாண்டியை அவனாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்னத்தாயிடம்கூடச் சொல்லவில்லை.

அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. கண்ணாடியில் அசைகிற அந்த உதடு ஜெபம்தானா, இல்லை முதலாளி இத்தனை நாளும் தன்னிடம்தான் பேசிக்கொண்டு வந்தாரா? என்ன சொன்னாரோ, என்ன கேட்டாரோ! மறுநாள் இறக்கத்தில் உதடு அசைந்ததும், "ஆமாங்க மொதலாளி" என்று போட்டுவைத்தான். அய்யாத்துரை திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவன் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி உதடு அசைந்தது. ஒச்சாண்டியும் விடாமல் வளைவுக்கு ஒரு ஆமாங்க போட்டுக்கொண்டே கம்பம் வந்து சேர்ந்தான்.

இப்படி எத்தனை நாள் ஓடும்? ஐப்பசியில் ஒரு சாயங்காலம், மழை விட்டு மேகம் கனத்துக் கிடந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப் ஆரனை விடாமல் அழுத்திக்கொண்டு ஏறி வந்திருக்கிறது. ஒச்சாண்டி கேட்கவில்லை. மேகத்துக்குள்ளிருந்து விளக்கு முளைத்தபோது இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடமில்லை. ஒடித்தான். ஜீப் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. "காது என்ன அவிஞ்சா போச்சு?" என்று ஜீப்காரன் எட்டிப் பார்த்துக் கத்தினான். வாயசைவிலேயே ஒச்சாண்டிக்குப் புரிந்தது.

அடுத்த வளைவு டீக்கடையில் நிறுத்தி இறங்கினான். பின் கதவைத் திறந்து சாவியை நீட்டினான்.

"மொதலாளி, எனக்குக் காது கேக்கல. வலது சுத்தமா இல்ல, எடது அரைகுறை. தெரிஞ்சும் மறைச்சு ஓட்டிட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க."

அய்யாத்துரை இறங்கி அவனுடைய இடது பக்கமாக வந்து நின்றார். காதருகே உரக்கச் சொன்னார்: "தெரியும்ப்பா."

"தெரியுமா? எப்பருந்து?"

"டீசல் வண்டியிலயே தெரியும்."

"பெறகு ஏன் மொதலாளி, வர்ற வழியெல்லாம் எங்கிட்டப் பேசிட்டு வந்தீக?"

"ஒங்கிட்டயா?" அய்யாத்துரை முதல் தடவையாகச் சிரித்தார். "ஒனக்குக் கேக்காதுன்னுதானப்பா பேசுனேன். கடையில எந்நேரமும் ஆளு. வீட்டுல தனியாப் பேசுனா வேலைக்காரப் பொம்பள பயப்படுறா. இந்த வண்டிதான் சத்தமில்லாம இருக்கு, நீயும் திரும்பிப் பாக்க மாட்ட. திடீர்னு ஒரு நாள் ஆமாங்கன்ன பாரு, ஒரு நிமிசம் ஆடிப்போயிட்டேன்." பிறகு முகம் மாறியது. "ஆனா அதுக்காக ஒன்னைய இந்த மலையில ஓட்ட விட்டது எந்தப்பு. இன்னைக்கு ரெண்டு உசுரு போயிருக்கும். வா, நான் முன்னால உக்கார்றேன். ஆரன் கேட்டா நான் சொல்றேன்."

அன்று முதலாளி காதாகவும் டிரைவர் கையாகவும் மலையிறங்கினார்கள். வீடு சேர்ந்ததும் சாவியை அய்யாத்துரை வாங்கி வைத்துக்கொண்டார். மதுரையில் காது டாக்டரிடம் காட்டி, இடது காதுக்கு மெஷின் மாட்டி, இனி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னபிறகுதான் திருப்பிக் கொடுத்தார்.

மெஷின் மாட்டிய ஒச்சாண்டி முதல் வேலையாக, "எதுக்குடி இந்தக் கத்துக் கத்துற?" என்று அன்னத்தாயைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். வண்டியில் உட்கார்ந்தால் எல்லாம் புதிது. இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. வைப்பர் முனகியது. இறக்கத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டதும் அந்தக் கொசு பாடியது. பாட்டுக்குத் தகுந்தபடி டேஷ்போர்டில் பச்சைக் கோடு ஒவ்வொன்றாக ஏறியது. ஏறும்போது வண்டியிடம் வாங்கியதை மலை இறங்கும்போது திருப்பிக் கொடுக்கிறது என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் கண்ணாடியைப் பார்க்கிற வரைக்கும்தான். முதலாளியின் உதடு அசையவில்லை. அன்றும் அசையவில்லை, மறுநாளும் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெறித்துக்கொண்டு வந்தார். கடையில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துவிடுகிறார் என்று வேலைக்காரப் பெண் சொன்னாள். தனக்கு ரோட்டைத் திருப்பிக் கொடுத்த மெஷின் அவரிடமிருந்து இறக்கத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று ஒச்சாண்டிக்குப் புரிந்தது. அந்த வருத்தம் அவனை நிம்மதியாக ஓட்ட விடவில்லை. மெஷினைக் கழற்றி வைக்கவும் வழியில்லை. அந்த ஜீப் விளக்கு இன்னும் கண்ணுக்குள் இருந்தது.

2010 பிறந்து தை மாதம். மேகம் இல்லாத சாயங்காலம். செக்போஸ்ட் தாண்டியதும் ஒச்சாண்டி கண்ணாடியில் தெரியும்படி கையைத் தூக்கி, காதுக்குப் பின்னாலிருந்த மெஷினைத் தொட்டான்.

"மொதலாளி, எறக்கத்துல இது ஒரே இரைச்சலா இருக்கு. கொறச்சு வச்சுக்கிறேன். ஆரன் மட்டும் கேக்கும், பேச்சுக் கேக்காது. ஏதாச்சும் வேணும்னா தோளத் தொடுங்க."

அப்படி ஒரு அளவு அந்த மெஷினில் கிடையாது. அவன் விரல் அதைத் தொட்டதோடு சரி, திருப்பவே இல்லை.

ஒரு வளைவு போனது. இன்னொன்றும் போனது. பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"ஜெபமணி" என்றார் அய்யாத்துரை.

ஒச்சாண்டி ரோட்டைப் பார்த்தான்.

"ரொம்ப நாளாச்சு பேசி. கோச்சுக்காத. ஷீலா நேத்துப் போன் பண்ணா. மூட்டு வலிக்கு எண்ணெ தேக்கச் சொல்றா, ஒன்னைய மாதிரியே அதட்டுறா." ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டார். "இந்த வண்டியில ஒரு தடவ நீ ஏறலையே. குலுங்கவே மாட்டேங்குது. அன்னைக்கு ஒன்னைய மதுர ஆசுபத்திரிக்குக் கொண்டு போகையில அந்த டீசல் வண்டி என்னா குலுக்குக் குலுக்குச்சு! வழி நெடுக அழுதியே. 'மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா'ன்னு ஒச்சாண்டியக் கெஞ்சுன. அவன் திரும்பவே இல்ல. ஒன்னையக் காப்பாத்தணும்னு அவம்பாட்டுக்கு வெரட்டுனான். அன்னைக்குத்தான் தெரிஞ்சுது எனக்கு, அவனுக்குக் காது கேக்கலன்னு."

வளைவு வந்தது. ஒச்சாண்டி திருப்பினான்.

"நீ அவங்கிட்டச் சொல்லிராத என்ன" என்றார் அய்யாத்துரை. "தெரிஞ்சா தாங்க மாட்டான்."

ஒச்சாண்டிக்குக் கண் நிறைந்து ரோடு கலங்கியது. துடைக்க முடியாது, கண்ணாடியில் தெரிந்துவிடும். காலை மெல்லப் பிரேக்கில் வைத்தான். கொசு பாடியது. பச்சைக் கோடு ஏறியது. இன்னும் கொஞ்சம் குறைத்தான். விறகுச் சைக்கிள்காரன் ஒருவன் அவர்களைத் தாண்டிக்கொண்டு போனான்.

"ஏன்ப்பா இம்புட்டு மெதுவாப் போற?" என்று பின்னாலிருந்து அதே தாழ்ந்த குரல் கேட்டது.

அவன் திரும்பவில்லை. தோளில் கை பட்டது. அய்யாத்துரை குனிந்து, அவன் இடது காதில் உரக்க அதையே கேட்டார்.

"சார்ஜ் ஏறுது மொதலாளி" என்றான் ஒச்சாண்டி. "இந்த வண்டி மெதுவாத்தான் போகணும்."