காருக்குச் சளி

இன்று காலை காக்ஸ் டவுனில் நல்ல குளிர். போன மாதம் வாங்கிய பழைய காரைத் தெருவில் திருப்பப் போனால், பவர் ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது.

காரை எனக்கு விற்ற எதிர்வீட்டு ஸ்டீபன் அங்கிள் கேட்டில் நின்று பார்த்தார். “ஒண்ணுமில்லப்பா, சளி.”

“காருக்கு எப்படி அங்கிள் சளி பிடிக்கும்?”

“ஐயோ, கன்னடத்துல சளின்னா குளிருப்பா! ஆயில் கெட்டியாயிருக்கும். வெயில் ஏறட்டும், தானா லூசாயிடும்.”

வெயில் ஏறியதும் ஒரு விரலில் திரும்பியது. என் சந்தேகம்தான் இறுகிவிட்டது.

வாங்கும் முன், காலையில் ஓட்டிப் பார்க்க வருகிறேன் என்றபோதெல்லாம், “காலைல சர்ச்சுக்குப் போவேன், மத்தியானம் வாப்பா” என்றே சொன்னார். திங்கட்கிழமைகூட.

காக்ஸ் டவுன் நண்பர்களே, திங்கட்கிழமை காலையில் அங்கிளை எந்தச் சர்ச்சிலாவது பார்த்ததுண்டா? பார்த்திருந்தால் சொல்லுங்கள், மெழுகுவர்த்தி ஏற்றி மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.