பாலத்துக்கு வந்த சிமெண்ட்

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் தென்காசிக்கே முகம் மலர்ந்துவிடும். அந்த வருஷம் சீசனை முன்கூட்டியே வரவழைத்தவன் நான்தான் என்று வெகுநாள் ரகசியமாகப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அப்பா சின்ன காண்டிராக்டர். சுற்றுச்சுவரும் மாட்டுக்கொட்டகையும் கட்டிவந்தவருக்கு, குற்றாலம் போகிற வழியில் ஒரு கால்வாய்ப் பாலம் கட்டும் வேலை கிடைத்தது. அவருடைய முதல் பாலம். சீசனுக்கு முன்னால் முடித்தாக வேண்டும். ஐம்பதுகளின் கடைசி, சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்கவேண்டிய காலம். மாசியில் மனுக் கொடுத்துவிட்டுச் சித்திரை முழுக்கத் திருநெல்வேலிக்கு நடையாய் நடந்தார். அஸ்திவாரக் குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

நானும் ஒரு மனுப் போட்டிருந்தேன். சீசன் சீக்கிரம் வந்தால் மதுரை அத்தையின் பிள்ளைகளும் சீக்கிரம் வருவார்கள் என்று தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். சீசன் பத்து நாள் தள்ளிப்போகட்டும் என்று அதே பிள்ளையாரிடம் அப்பாவும் வேண்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவர் வெறுங்கையோடு கேட்டிருக்கிறார். ஆபீஸுகளிலும் அவர் வழக்கம் அதுதான்.

வைகாசிக் கடைசியில் பதினெட்டு மூட்டை சிமெண்ட் வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் இறங்கியது. மூன்றாம் நாள் சாரல்.

"அப்பா, சீசன் வந்துட்டு!" என்று தெருவில் குதித்தேன்.

ஒரே வாரத்தில் கால்வாய் பெருகிக் குழியை மூடியது. கெடு தவறியது என்று வேலையைப் பிடுங்கி வெளியூர்ப் பெரிய காண்டிராக்டரிடம் கொடுத்தார்கள். அவர் தேங்காயோடு போகிறவர் போலிருக்கிறது.

மாடி கட்டிக்கொண்டிருந்த ஜவுளிக்கடைக்காரர் மூட்டைகளை இரட்டை விலைக்குக் கேட்டார்.

"அது பாலத்துக்குன்னு வந்தது அண்ணாச்சி," என்றார் அப்பா.

பக்கத்தில் நின்ற கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "மொதலாளி, பாலமே போயிட்டு. சாரல் காத்து பட்டா சிமெண்டு கல்லாயிரும். பாலத்துக்கு வந்தேன்னு அதுக்குத் தெரியுமாக்கும்?"

"திருப்பி எடுத்துக்கிடச் சொல்லி பெர்மிட் ஆபீஸுக்கு எழுதியிருக்கேன். பதில் வரட்டும்."

பதில் வரவில்லை. சிமெண்ட் காத்திருக்கவில்லை. பதினெட்டும் சாக்கின் இழைகூடப் பதிந்த பாறைகளாயின. அம்மா கொத்தனாரிடம் சொல்லி அவற்றைப் புறவாசலுக்கு உருட்டி, கிணற்றடி வரைக்கும் சேற்றின்மேல் வரிசையாகப் போடவைத்தாள்.

சீசன் சீக்கிரம் வந்தும் அத்தை பிள்ளைகள் ஆடியில்தான் வந்தார்கள். கல்லுக்குக் கல் தாவிக் காட்டி, "இது எங்க அப்பா கட்டுன பாலம்லே!" என்று பீற்றிக்கொண்டேன். அப்பா புறவாசற்படியில் நின்றிருந்தார்.

"ஏலே, வழுக்கும். பாத்துத் தாண்டு," என்றார்.

அந்த வீட்டில் இருந்தவரை அவர் அந்தக் கற்களில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்திலேயே சேற்றில் இறங்கிக் கிணற்றுக்குப் போவார். இவ்வளவு நல்ல பாதை இருக்கும்போது இவர் ஏன் இப்படி நடக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வழுக்கிவிடும் என்று பயம்போல என்று நினைத்துக்கொண்டேன்.