விற்றுப்போன முற்றம்

பெரிய காஞ்சிபுரத்தில் அந்த ஃபிளாட்டை நாங்கள் வாங்கியதே, பிளானில் கட்டடத்தின் நடுவே வரைந்திருந்த முற்றத்துக்காகத்தான். கீழிருந்து மொட்டை மாடி வரை வானம் தெரியும் முற்றம். என் அறை ஜன்னல் அதைப் பார்த்தபடி. பட்டுக் கடைகளுக்கு நூலின் நிறம் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. புடவையின் உடலுக்கு எது, கரைக்கு எது என்று சாயமேற்றி முறுக்கிக் கட்டிய நூல் கழிகளைப் பொறுக்கி நெசவாளர்களுக்கு அனுப்புவேன். இந்த ஊரில் பகல் வெளிச்சம் இல்லாமல் யாரும் நிறம் பார்க்கமாட்டார்கள்.

சாவி கைக்கு வந்தபோது முற்றம் இல்லை. மாடிக்கு மாடி தளம் போட்டு, அந்த இடத்தைக் குட்டிக் குட்டி அறைகளாக்கியிருந்தார் பில்டர். என் ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் சுவர். பில்டரிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"லைட்டு போட்டுக்கமா. ஆஸ்பத்திரில ஆபரேஷனே லைட்டுலதான் பண்றாங்க," என்றார். என் வீட்டுக்காரர் அதற்கும் தலையாட்டினார். அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

அடுத்த மாதமே அடி விழுந்தது. ஒரு கல்யாணப் புடவைக்குக் கருநீலம் என்று நினைத்து டியூப் லைட்டில் நான் எடுத்துக் கொடுத்தது கறுப்பு. ஐயம்பேட்டை நெசவாளர் வாசலில் வைத்துப் பிரித்துப் பார்த்ததால் தறியில் ஏறாமல் தப்பியது. கடைக்காரர் போனில் கத்தவில்லை. "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்மா," என்றார். கத்தியிருந்தால் தேவலை.

பில்டரை நச்சரித்து, ஒரு காலையில் வீட்டுக்கே வரவழைத்தேன். மனைவியோடு வந்தார். மகளுக்குக் கல்யாணமாம், முகூர்த்தப் புடவைக்கு நான்தான் நிறம் பார்த்துத் தரவேண்டுமாம். வாயை அடைக்கப் பார்க்கிறார் என்று புரிந்தது. நான் அந்தக் கறுப்பையும் ஒரு கருநீலத்தையும் அந்த அம்மாவிடம் கொடுத்து, எது நீலம் என்று கேட்டேன். அவர் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார்.

"இங்க ஒண்ணும் தெரியலயேமா. கல்யாண காரியம், வா, தெருவுல போயி பாத்துக்கலாம்."

வெயிலில் பிடித்ததுமே கறுப்பை என் கையில் திணித்துவிட்டு, விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பில்டர் இரண்டு கழிகளையும் பார்த்தார். அண்ணாந்து கட்டடத்தையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. இடித்துத் தருகிறேன் என்று சொல்லப்போகிறார் என்றே நம்பினேன்.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா அந்த ரூமெல்லாம் வித்துப்போச்சு," என்றார்.

பிறகு மனைவியிடமிருந்த நீலக் கழியை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"பொண்ணுக்கு இதையே எடுத்துடு. கரைக்கும் இப்டி வெயில்லயே வச்சுப் பாரும்மா."