பங்குப் பத்திரத்தில் வைத்த சந்தனம்

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் வணிகவியல் துறையில் அட்டெண்டராக வேலை பார்த்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் இன்றும் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் துறையில் மாணவர்களே நடத்தும் முதலீட்டு நிதி ஒன்று இருந்தது. பழைய மாணவர்கள் கொடுத்த நிஜப் பணம். எந்தக் கம்பெனிப் பங்கை வாங்குவது, எப்போது விற்பது என்று ஐந்து பேர் கமிட்டி கை தூக்கி முடிவு செய்யும். பேராசிரியர் குறுக்கே பேசமாட்டார். வரும் லாபம், பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு. அப்போதெல்லாம் பங்கு என்றால் காகிதப் பத்திரம்தான். அது இருந்த பீரோவின் சாவி என்னிடம்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. ஆயுத பூஜைக்கு டைப்ரைட்டர், மணி, பீரோ எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு ஆயுதம் பத்திரம்தானே என்று கவரைப் பிரித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் சந்தனமும் குங்குமமும் வைத்து மூடினேன்.

அடுத்த வாரம் சாலை மறியல். மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. அந்த நேரம் பார்த்து கமிட்டி பங்கை விற்க முடிவு செய்து, சென்னை புரோக்கருக்குப் போனிலும் சொல்லிவிட்டது. திங்கட்கிழமைக்குள் பத்திரம் அவர் கைக்குப் போக வேண்டும்.

கமிட்டிச் செயலாளர் மெகருன்னிசா, துணிக்கடைக்காரர் மகள். "பத்திரத்துல கறை இருந்தா கம்பெனி திருப்பி அனுப்பிடும்பா" என்று மற்றவர்களிடம் சொன்னாள். டீ கொடுக்கப் போன என் காதிலும் அது விழுந்தது.

யாருக்கும் தெரியாமல் பீரோவைத் திறந்தேன். முந்தானையை நனைத்து ஒன்றைத் துடைத்தேன். சிவப்பு கையெழுத்துப் பக்கமாக ஓடியது. வேலை போச்சு என்று நினைத்தேன். பேச வராததால் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கமிட்டி மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

"இன்னாக்கா இது? பத்திரத்துக்குக் கல்யாணமா பண்ணி வச்சிகினு வந்துருக்கீங்க?" என்றான் செல்வம், மூங்கில்துறைப்பட்டு கரும்பு விவசாயி மகன். எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதடா. எத்தினி பேரு பீஸு இதுல கெடக்குது?" என்ற மெகர் என்னைப் பார்த்தாள். "தொடச்சீங்களாக்கா?"

"ஒண்ணுதாம்மா. பரவுச்சு, வுட்டுட்டேன்."

"வுட்டதே நல்லது. நம்பரு தெரியுது, கையெழுத்தும் தப்பிச்சிருக்கு."

ஒருத்தன், ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிடலாம் என்றான். வழக்கம்போல் கை தூக்கினார்கள். உள்ளதை எழுதி அனுப்புவது என்று நாலு கை. செல்வம் கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, விழுந்த மரங்களுக்கு மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கி, விருத்தாசலம் போய் ரயில் பிடித்தான்.

மூன்று நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவன் வாசலிலேயே கத்தினான்:

"யக்கா! புரோக்கரு பாத்தாரு, எழுந்து உள்ள போனாரு. அவரோட பத்திரக் கட்டை எடுத்தாந்து காட்டுறாரு, அத்தினியிலயும் சந்தனம்! 'ஓரத்துல இருந்தா கம்பெனில எடுத்துக்குவாங்க, போ'ன்னுட்டாரு!"

எடுத்தும் கொண்டார்கள்.

கமிட்டியின் மினிட்ஸ் நோட்டில் மெகர் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'தவறு: பத்திரத்தை எப்படி வைப்பது என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை. பொறுப்பு: கமிட்டி.' என் பெயரே இல்லை.

அடுத்த வருஷம் பீரோக் கதவுக்கு மட்டும் பொட்டு வைத்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தப்பு நடந்துவிட்டால் துடைக்கப் போகாதீர்கள். அப்படியே கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.