லூவீனியா ஹார்குரோவ் பவுண்டு போட்ட சனிக்கிழமை

நோயாளியைப் பார்க்கப் போகும்போது லூவீனியா ஹார்குரோவ் பூ வாங்கிப் போகமாட்டாள். நகவெட்டி எடுத்துப் போவாள். "நகம் வளந்து சதையக் குத்துதுன்னு வாய் தொறந்து சொல்ல முடியாம கெடக்கறவங்க எத்தன பேரு தெரியுமா?" என்பாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பத்து விரலையும் வெட்டிவிட்டு, எழுந்து நின்று நாலு வரி ஜெபம் செய்வாள். நீளமான ஜெபம் அவளுக்கு ஆகாது. ஆண்டவருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பாள்.

அலபாமாவில், கேம்டனுக்கு வெளியே ஒரு பருத்திக்காட்டு ஓரத்தில், பதினோரு பிள்ளைகளில் எட்டாவதாகப் பிறந்தவள். ஐம்பத்தொன்றாம் வருஷம் கணவன் ராஸ்கோவுக்கு மிச்சிகனில், மஸ்கீகன் ஊர் இரும்பு வார்ப்பாலையில் வேலை கிடைத்து வடக்கே வந்தாள். வந்த மறுவாரமே ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாகச் சேர்ந்து இருபத்தாறு வருஷம் அங்கே உழைத்தாள். தங்கை செத்தபோது அவளுடைய இரண்டு பெண்களையும் கூட்டி வந்து வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சீருடை போட்டுச் சபையில் நர்ஸ் குழுவை நடத்தினாள். பரவசத்தில் யாராவது மயங்கி விழுந்தால் தரையைத் தொடுமுன் அவள் கை அங்கே இருக்கும்.

எர்னஸ்டின் பாய்கின் அவளிடம்தான் தொழில் பழகினாள். ஒன்பது வயது இளையவள். முதல் நாளே லூவீனியா சொன்னாள்: "படுத்தே கெடக்கறவர ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பொரட்டணும். மூணு மணி நேரம் ஆச்சுன்னா நீ பொரட்ட வரல, புண்ணுக்கு மருந்து போட வந்திருக்க." லூவீனியாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எர்னஸ்டினுக்குத் தெரியும். அதனால் எர்னஸ்டினின் கார் வீட்டு வாசலில் நின்ற நாள் குறைவு.

எழுபத்து நாலு பிப்ரவரியில் சபைக்குப் புதுப் பாஸ்டர் வருவதாக ஏற்பாடாயிற்று. மிசிசிப்பிக்காரர், பெயர் ஐசம் டார்ப்லி, நாலு பிள்ளைகள். தெற்கே ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாஸ்டர் குடிவந்தால் வீட்டுக்கு ஒரு பவுண்டு போடுவார்கள்: ஒரு பவுண்டு சர்க்கரை, ஒரு பவுண்டு காபி, ஒரு பவுண்டு பன்றிக்கொழுப்பு, எது முடிகிறதோ அது. லூவீனியாவின் பிறந்த ஊரில் அதிலும் ஒரு கட்டுப்பாடு. வீட்டுக்காரர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பின்கட்டு வழியாக அடுப்படியில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். யார் கொடுத்தது என்று தெரியக்கூடாது.

இங்கேயும் அப்படியே செய்யலாம் என்றாள் லூவீனியா. சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன் ப்ரூயிட்டுக்கு இது பிடிக்கவில்லை. "இது மிச்சிகன், சிஸ்டர். சம்பளம் குடுக்கறோம், கடை இருக்கு. மாவு மூட்டை தூக்கிட்டுப் போறதெல்லாம் தெக்கத்திப் பட்டிக்காட்டு வேலை."

"நீங்க எந்த ஊரு, டீக்கன்?"

"ஜார்ஜியா" என்றார் அவர், மேசையைப் பார்த்துக்கொண்டே.

பாஸ்டருக்கு வாடகை வீடு பிடித்தவர் டீக்கன்தான். "சான்ஃபோர்ட் தெருவுல. சனிக்கிழமை காலைல சாமான் லாரி வாசல்ல நிக்கும், பாத்தாலே தெரியும். பாஸ்டரம்மா பியானோ வாசிப்பாங்களாம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் ஏரிப்பக்கமிருந்து பனி அடித்தது. எர்னஸ்டின் வேவு பார்க்கப் போனாள். சான்ஃபோர்ட் தெருவில் மிசிசிப்பி நம்பர் போட்ட லாரி ஒன்று நின்றது. நாலு ஆட்கள் ஒரு பியானோவைப் படியேற்றிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் என்ன சந்தேகம்? பாதிரியாரைத் தவிர எவன் எண்ணூறு மைல் பியானோ கொண்டுவருவான்? பறந்து வந்து சொன்னாள். அந்த வீட்டார் லாரியோடு எங்கோ கிளம்பிப் போனதும் ஏழு பெண்கள் பின்கட்டு வழியாக நுழைந்து, மேசை நிறைய, மேசை கொள்ளாமல் நாற்காலியிலும், நாற்பது பவுண்டு வைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகள் போல வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். லூவீனியா தன் அலமாரியையே துடைத்துக் கொடுத்திருந்தாள்.

மூன்று மணிக்கு டீக்கனின் போன் வந்தது.

"பாஸ்டர் இப்பத்தான் வந்து எறங்கினார். பிள்ளைங்க பசியில அழுவுதுங்க. அடுப்பும் எரியல, அலமாரியத் தொறந்தா ஒரு எலிப்பொறி இருக்கு. எங்க சிஸ்டர் உங்க பவுண்டு?"

லூவீனியா ரிசீவரைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்து எர்னஸ்டினைப் பார்த்தாள்.

"பியானோ ஏத்தினாங்களே" என்றாள் எர்னஸ்டின்.

"பியானோவா?" போனிலேயே டீக்கனுக்குக் கேட்டுவிட்டது. "பாஸ்டரம்மா பியானோவ அங்கயே வித்துட்டாங்க. அது நாலு வீடு தள்ளி. நீல விளக்கு மதுக்கடையில ராத்திரி ராத்திரி வாசிக்க வந்திருக்கறவன் வீடு. போச்சா? நான் வண்டியோட வரேன். போய் எல்லாத்தையும் அள்ளிட்டு வந்துடலாம்."

"ஒரு மணி நேரம் குடுங்க, டீக்கன்" என்று லூவீனியா போனை வைத்தாள்.

மூலைக்கடை மத்தியானமே பூட்டியாயிற்று. பெரிய கடைக்கு நாலு மைல். பனி தள்ளும் வண்டி இன்னும் வரவில்லை. காரை மெதுவாக உருட்டிக்கொண்டே எர்னஸ்டின் புலம்பினாள். "என் கண்ணு அவிஞ்சு போச்சு சிஸ்டர். உள்ளதச் சொல்லித் திருப்பிக் கேட்டா குடுத்துட மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. நான்தான் கேக்க மாட்டேன். ஆண்டவர் பேரச் சொல்லி உள்ள வெச்சத ஆண்டவர் பேரச் சொல்லி வெளிய எடுக்கணும். அந்த ஜெபம் எனக்குத் தெரியாது."

"அப்ப பொய் சொல்லப் போறீங்களா?"

"எனக்குப் பொய் வராதுடி. வந்திருந்தா என் மாமியாரோட ஒத்துப் போயிருப்பேன்."

"பாஸ்டர் பிள்ளைங்க?"

"அதுங்களும் ராத்திரி சாப்பிட்டுத்தான் படுக்கணும். பள்ளம் பாத்து ஓட்டு."

கதவைத் திறந்தவன் அந்தப் பியானோக்காரன், க்ளியோத்தா பைனம். உயரமான ஆள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் அடுப்படி தெரிந்தது. மேசைமேல் நாற்பது பவுண்டும் வைத்தது வைத்தபடி இருந்தது; ஒரு கயிறுகூட அவிழ்க்கவில்லை. மூன்று பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து வெண்ணெய் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் மனைவி ஆர்லீன் அவர்களுக்கும் மேசைக்கும் நடுவில் காவல் போல நின்றாள்.

"வருவீங்கன்னு தெரியும்மா" என்றான் க்ளியோத்தா. "எல்லாம் அப்படியே இருக்கு. எண்ணிப் பாத்துக்கங்க."

"எண்ண வரல."

"நான் மிசிசிப்பிக்காரன். எங்கப்பா டீக்கன். பவுண்டு யாருக்குப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? ராத்திரி மதுக்கடையில வாசிக்கறவன் வீட்டுக்கு யாரும் மாவு கொண்டாந்து வெக்க மாட்டாங்க." கோபமாகச் சொல்லவில்லை. பெட்டியில் என்ன இருக்கிறது என்று படித்துக் காட்டுவது போலச் சொன்னான். "இந்தத் தெருவுக்குப் பாஸ்டர் வரார்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. நானே கொண்டுபோய்க் குடுத்திருப்பேன். எங்கிட்டேர்ந்து வாங்குவாரோ மாட்டாரோன்னுதான் வெச்சிருந்தேன்."

எர்னஸ்டினுக்குத் தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. "தப்பு என்னோடது, பிரதர். பியானோவப் பாத்து..."

"சும்மா இரு" என்றாள் லூவீனியா. பனி ஒட்டிய ஆண்பிள்ளை பூட்ஸோடு நேராக மேசைக்குப் போனாள். "நாங்க பாஸ்டர் வீடுன்னு நெனச்சுத்தான் வெச்சோம், மிஸ்டர் பைனம். அதுல ஒளிக்க ஒண்ணுமில்ல. பிள்ளைங்க எப்ப சாப்பிட்டுது?"

பிள்ளைகளில் சின்னவள் சொன்னாள்: "நேத்து. பஸ் ஸ்டாண்டுல."

லூவீனியா மக்காச்சோள மாவுப் பையை எடுத்தாள். இரண்டு காதையும் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்துப் பாத்திரத்தில் கொட்டினாள். மேசையெல்லாம் மாவு பறந்தது. அடுத்து சர்க்கரை. அடுத்து உப்புப் பன்றியிறைச்சியின் கட்டு. க்ளியோத்தா ஓரடி முன்னால் வந்தான்.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"கிழிச்ச பையத் தூக்கிட்டுப் போயி எந்தப் பாஸ்டருக்குக் குடுக்க முடியும்? இனிமே இது ஒங்க வீட்டு மாவு." அடுப்பைக் காட்டினாள். "இது எரியுதா?"

"எரியும்" என்றாள் ஆர்லீன். அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை.

"அங்க பாஸ்டர் வீட்டுல அடுப்பும் எரியாது, அலமாரியும் காலி. நாலு பிள்ளைங்க. இங்க அடுப்பு இருக்கு, மாவு இருக்கு, பொருள் ஒங்களது. கூப்பிடறதும் கூப்பிடாததும் ஒங்க இஷ்டம். நான் ஒங்களக் கேக்கத்தான் வந்தேன்."

க்ளியோத்தா மனைவியைப் பார்த்தான். அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். "எத்தன பேரு?" என்றாள்.

"பெரியவங்க ரெண்டு, பொடிசு நாலு."

"தட்டு ஆறுதான் பிரிச்சிருக்கோம்."

"மிச்சத்துக்கு என் கார்ல இருக்கு" என்று எர்னஸ்டின் வெளியே ஓடினாள். காரில் தட்டு ஒன்றும் இல்லை. நாலு வீடு தள்ளிப் போய்ப் பாஸ்டர் குடும்பத்தையும், அவர்களுடைய பெட்டியிலிருந்தே தட்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்தாள். லூவீனியாவுக்குத்தான் பொய் வராது. எர்னஸ்டினுக்கு அவசரத்துக்கு வரும்.

அரை மணியில் அந்த அடுப்படியில் நிற்க இடமில்லை. இரும்புச் சட்டியில் சோள ரொட்டி பொங்கியது, இறைச்சி கொழுப்பில் பொரிந்து சடசடத்தது, ஆர்லீன் ஒரு கையால் சோறு கிளறிக்கொண்டே மறு கையால் பாஸ்டரம்மாவிடம் கரண்டியைத் திணித்தாள். ஏழு பிள்ளைகளும் பியானோவை இடித்து இடித்து வைத்தன. எர்னஸ்டின் எதையோ எடுக்கப் போய் யார் காலையோ மிதித்தாள். பார்த்தால் டீக்கன் ப்ரூயிட், கையில் பெரிய காலி அட்டைப் பெட்டியோடு.

"அள்ளிட்டுப் போக வந்தேன்" என்றார்.

"வாங்க டீக்கன். சரியா பந்திக்கு வந்துட்டீங்க" என்றாள் லூவீனியா. "பெட்டியக் கவுத்துப் போட்டு ஒக்காருங்க. நாற்காலி பத்தல."

டீக்கன் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் ஏற்கெனவே ஒரு சாமான் மூட்டைமேல் உட்கார்ந்து மடியில் இரண்டு பிள்ளைகளை வைத்திருந்தார். டீக்கன் பெட்டியைக் கவிழ்த்தார். உட்கார்ந்ததும் அது அரையடி அமுங்கியது. பைனத்தின் சின்னவள் சிரித்தாள். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்க வேண்டும். எல்லாரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் பிள்ளைகளை இறக்கிவிட்டு எழுந்தார்.

"இருங்க ரெவரண்ட்" என்றாள் லூவீனியா. "வீட்டுக்காரர் செய்யட்டும்."

க்ளியோத்தா மாட்டேன் என்று தலையை அசைத்தான். "நான் ஜெபிச்சுப் பதினாலு வருஷமாச்சும்மா."

"அப்ப சுருக்கமா முடியும். ரொட்டி ஆறிடும்."

அவன் கண்ணை மூடி, தன் அப்பா சொல்லும் மெட்டிலேயே ஒரே வரி சொன்னான். ஆமென் என்றபோது முதலில் கேட்டது டீக்கனின் குரல்.

அப்புறம் தட்டுகள் பறந்தன. க்ளியோத்தா மட்டும் தனக்குத் தட்டு எடுக்காமல் சுவரில் சாய்ந்து நின்று எல்லாருக்கும் பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் இரண்டாவது முறை வாங்கின. பாஸ்டர் மூன்றாவது முறை வாங்கினார். சட்டியில் கடைசி இரண்டு துண்டு இருந்தபோது லூவீனியா அகப்பையோடு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஆர்லீன்" என்றான் க்ளியோத்தா. "இன்னொரு தட்டு இருக்கா?"